‘என்ன, முகம் வாடியிருக்கு?’: களைத்த முகத்துக்கான சிகிச்சைகள், அடிப்படையிலிருந்து

என் அக்காவுக்கு வயது 47. இரவு பத்தரைக்குப் படுத்தால் காலை ஐந்தரைக்குத்தான் கண் விழிப்பாள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஆனாலும் தெருவில் எதிர்ப்படுகிற எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “என்னக்கா, முகம் வாடியிருக்கு? உடம்பு முடியலையா?”

போன வருஷம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஓர் அழகு சிகிச்சை கிளினிக்குக்குப் போனாள். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே வரவேற்பில் இருந்த பெண் ஓர் அட்டையை நீட்டினார். ஆறு சிட்டிங், போடாக்ஸ், ஃபில்லர், லேசர் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். “இதுல எது எதுக்கும்மா?” என்று அக்கா கேட்டாள். “எல்லாமே டயர்டா தெரியறது போறதுக்குத்தான் மேடம்” என்று பதில் வந்தது.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வயிற்றுவலி என்று போகிறவருக்கு, எதனால் வலி என்று கேட்காமலே ஆறு மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதுபோல அது. முகம் களைத்துத் தெரிய நாலைந்து தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒவ்வொரு சிகிச்சையும் அவற்றில் ஒன்றைத்தான் தொடும். காரணம் மாறித் தொட்டுவிட்டால் முகம் முன்பைவிட மோசமாகக் களைத்துப்போகும்; எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பார்ப்பவர் கண்ணுக்கு எது களைப்பு?

ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு சுவாரசியமான ஆய்வை வெளியிட்டார்கள். 10 பேரை இரண்டு முறை படமெடுத்தார்கள்: நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு ஒருமுறை, 31 மணி நேரம் விழித்திருந்த பிறகு ஒருமுறை. படங்களை 40 பேரிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். தூங்காத முகங்களில் அவர்கள் கூடுதலாகக் கண்டவை இவை: தொங்கும் இமை, சிவந்த கண், வீங்கிய கண், கண்ணுக்கடியில் கருமை, வெளிறிய தோல், சுருக்கம், கீழே சரிந்த வாயோரம்.

இந்த ஏழும் தூக்கமின்மைக்கு மட்டும் சொந்தமில்லை. வயதானாலும் இமை தொங்கும். ரத்தசோகை வந்தாலும் தோல் வெளிறும். அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வந்த கருவளையம் பத்து வயதுப் பையனுக்கும் இருக்கும். தூங்காதவர் முகத்தில் பார்த்துப் பழகிய அடையாளங்களை வேறொருவர் முகத்தில் பார்த்ததும் ‘இவரும் களைத்திருக்கிறார்’ என்று நம் கண் முடிவு கட்டிவிடுகிறது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். இந்த விஷயத்தில் முகம் பொய்ச்சாட்சி சொல்கிறது.

அந்த ஏழு அடையாளங்களுக்கும் பின்னால் இருப்பவற்றை நான்கு பெயர்களில் அடக்கிவிடலாம்: நிழல், நிறம், இழுப்பு, நீர்.

நிழல்: சாலைக் குழியும் சாயங்கால வெயிலும்

ஒரு சாலையை நண்பகலில் பாருங்கள், சமமாகத் தெரியும். அதே சாலையை மாலை ஐந்தரைக்குப் பாருங்கள். ஒவ்வொரு சின்னக் குழியும் கருப்பாக நிற்கும். குழி ஆழமாகவில்லை. வெளிச்சம் சாய்வாக விழுகிறது, அவ்வளவுதான்.

கண்ணுக்குக் கீழே, மூக்கோரத்திலிருந்து கன்னம் நோக்கிச் சாய்வாக இறங்கும் ஒரு பள்ளம் எல்லாருக்கும் உண்டு. கண்ணீர் வழியும் தடத்தில் இருப்பதால் மருத்துவர்கள் அதைக் கண்ணீர்ப் பள்ளம் என்பார்கள். இளம் வயதில் அது நிரம்பி இருக்கும். தலைக்கு மேலிருந்து டியூப்லைட் வெளிச்சம் விழும்போது அந்தப் பள்ளம் நிழல் கட்டுகிறது. பலர் ‘கருவளையம்’ என்று சொல்லி கிரீம் தடவுவது இந்த நிழலின் மேல்தான். நிழலுக்கு எந்த கிரீமும் வேலை செய்யாது.

பள்ளம் ஏன் விழுகிறது? முகத்தின் கொழுப்பு, தோலுக்கடியில் போர்வைபோல ஒரே படலமாக விரிந்திருக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர்கள் ராட் ரோரிச், ஜோயல் பெஸ்ஸா இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அது தனித்தனிப் பைகளாகப் பிரிந்திருப்பதைக் காட்டியது. ஒரு படுக்கையில் பல சின்னத் தலையணைகள் அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏற எல்லாத் தலையணையும் ஒரே மாதிரி அமுங்குவதில்லை. கன்னத்தின் ஆழத்தில் இருப்பது பஞ்சு குறைந்து தட்டையாகும். பக்கத்தில் இருப்பது அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவே பள்ளம். அடியில் இருக்கும் எலும்பும் சும்மா இருப்பதில்லை: கண்குழியின் விளிம்பு வயதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அகலும். கட்டிலே இறங்கினால் மெத்தை என்ன செய்யும்?

இன்னொரு வகை நிழலும் உண்டு. கண் உருண்டையைச் சுற்றி மெத்தென்ற கொழுப்பு இருக்கிறது. அதை உள்ளேயே பிடித்து வைத்திருப்பது மெல்லிய ஒரு திரை. கோணிப்பை பழசாகித் துணி தளர்ந்தால் அரிசி பிதுங்கிக்கொண்டு நிற்குமே, அதுபோலத் திரை தளரும்போது கொழுப்பு முன்னே தள்ளும். அதுதான் கண் பை. சில குடும்பங்களில் முப்பது வயதிலேயே வந்துவிடும். பை தன் கீழே ஒரு நிழலை விழவைக்கும். பையும் பள்ளமும் சேர்ந்திருக்கும் முகத்தில் இரட்டை நிழல்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பகலில் ஜன்னலைப் பார்த்து நின்று, கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு முகவாயை மெல்ல உயர்த்துங்கள். வெளிச்சம் நேராக விழும்போது கருமை கரைந்து போனால், அது பெரும்பாலும் நிழல். அப்படியே நின்றால், நிறம்.

நிறம்: பழுப்பும் நீலமும்

கீழிமையின் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதில் இரண்டு வகைக் கருமை வரும்.

ஒன்று பழுப்பு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி அங்கே கூடுதலாகச் சேர்வது. நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலுக்கு இது மிகச் சாதாரணம், பரம்பரையாகவும் வரும். தூசி ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு இன்னும் கருக்கும். நம் தோல் எந்தச் சீண்டலுக்கும் மெலனினைக் கொட்டித்தான் பதில் சொல்லும். கொசுக்கடி ஆறிய பிறகும் கருப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்பது இதனால்தான். இந்த ஒரு குணத்தை நினைவில் வையுங்கள், லேசர் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மற்றொன்று நீலம் கலந்த ஊதா. மெல்லிய தோல் வழியாக அடியில் உள்ள ரத்தக்குழாய்களும் தசையும் தெரிவது. கீழிமையை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். பழுப்பு அப்படியே இருக்கும். ஊதா இன்னும் அழுத்தமாகும், ஏனென்றால் இழுக்கும்போது தோல் மேலும் மெலிகிறது.

பெரும்பாலோர் முகத்தில் நிழல், பழுப்பு, ஊதா மூன்றும் கலந்தே இருக்கும். எது அதிகம் என்பதுதான் கேள்வி.

இழுப்பு: மடிப்பு விழுந்த சேலை

கை கால் தசைகள் எலும்பை அசைக்கின்றன. முகத்துத் தசைகளில் பல தோலிலேயே போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் நம்மால் முகம் சுளிக்க முடிகிறது. பீரோவில் ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்த சேலையை விரித்தாலும் கோடு போகாது. தோலும் அப்படித்தான். முதலில் சுளிக்கும்போது மட்டும் விழும் கோடு, நாளாக நாளாகச் சும்மா இருக்கும்போதும் நிற்கும்.

புருவத்தைப் பொறுத்தவரை ஒரு கயிறு இழுக்கும் போட்டியே நடக்கிறது. மேலே தூக்குவது ஒரே ஒரு தசை, நெற்றித் தசை. கீழே இழுப்பவை பல: புருவ நடுவில் உள்ளவை, கண்ணைச் சுற்றி வளையமாக இருப்பது. கீழ் அணி ஜெயித்தால் புருவம் இறங்கும், கண் சிறுத்துக் களைத்துத் தெரியும், கோபமாக இருப்பதாகவும் படும். வாயோரத்தைக் கீழே இழுக்கும் தசை வலுவாக இருப்பவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே சோகமாகத் தெரிவார்.

நீர்: லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாதது

ராத்திரி கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டுப் படுத்தால் காலையில் கண் வீங்கியிருக்கும். உப்பு நீரைப் பிடித்து வைக்கிறது, படுத்திருக்கையில் அது முகத்தில் தேங்குகிறது. எழுந்து நடமாடினால் சில மணி நேரத்தில் வடியும். கொழுப்புப் பைக்கும் நீர் வீக்கத்துக்கும் வித்தியாசம் இதுதான்: நீர் காலையில் கூடி மாலையில் குறையும், கொழுப்பு எப்போதும் இருக்கும்.

தினமும் காலையில் முகம் உப்பி, காலும் வீங்கினால் அழகு கிளினிக் பக்கமே போக வேண்டாம். சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லிப் பொது மருத்துவரிடம் போக வேண்டும்.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: வெளிச்சத்தைத் திருப்பினால் போவது நிழல், போகாதது நிறம், முகபாவத்தோடு கூடிக் குறைவது இழுப்பு, நேரத்தோடு கூடிக் குறைவது நீர்.

ஊசிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

அக்காவைப் பார்த்த இரண்டாவது மருத்துவர் (முதல் கிளினிக்கிலிருந்து பேக்கேஜ் வாங்காமலே திரும்பிவிட்டோம்) செய்த முதல் வேலை, கீழிமையை இழுத்து உள்பக்கத்தைப் பார்த்தது. சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. ஹீமோகுளோபின் 9. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகையில் உதிரப்போக்கு அதிகமாகி, அவள் அதை யாரிடமும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இது அரிதான கதை இல்லை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படியிருக்க, களைத்த முகத்தோடு வருகிற பெண்ணிடம் ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஊசியை எடுக்கிற இடத்தை நான் நம்பமாட்டேன். தைராய்டு குறைவு, உறக்கத்தில் மூச்சு தடைபட்டுத் தடைபட்டு வரும் குறட்டை நோய், மனச்சோர்வு எல்லாமே இதே முகத்தோடு வரலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரு பக்க இமை மட்டும் திடீரென்று தொங்கினால், கூடவே பார்வை இரட்டையானால், கடும் தலைவலி வந்தால், உடனே மருத்துவமனை. காலையில் சரியாக இருந்து மாலையாக ஆக இமை கனத்துத் தொங்கினால் நரம்பு மருத்துவர் பார்க்க வேண்டும்.

போடாக்ஸ்: அறுந்த பரிசல் கயிறு

போடாக்ஸ் என்பது ஒரு வணிகப் பெயர். உள்ளே இருப்பது பொட்டுலினம் நச்சு என்ற புரதம். ஒரு பாக்டீரியா உருவாக்குவது. ஜெர்மன் மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் 1820-களில், கெட்டுப்போன இறைச்சிக் குழல் (சாசேஜ்) தின்று தசைகள் செயலிழந்து இறந்தவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். லத்தீனில் அந்த இறைச்சிக் குழலுக்கு ‘பொட்டுலஸ்’ என்று பெயர். நச்சின் பெயர் அங்கிருந்து வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? நரம்பின் முனைக்கும் தசைக்கும் நடுவே மிகச் சிறிய ஓர் இடைவெளி, ஓர் ஆறுபோல. ‘சுருங்கு’ என்ற கட்டளையைச் சுமந்துகொண்டு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சின்னச் சின்ன மூட்டைகளாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக வேண்டும். மூட்டையைக் கரைக்கு இழுத்து அவிழ்த்துவிடுவது ஒரு புரதக் கயிறு. பொட்டுலினம் அந்தக் கயிற்றை அறுத்துவிடுகிறது. மூட்டை இருக்கிறது, தசையும் நலமாக இருக்கிறது. கட்டளை மட்டும் போய்ச்சேரவில்லை. தசை ஓய்ந்து கிடக்கும். மூன்று நான்கு மாதங்களில் நரம்பு புதிய கயிறு திரித்துக்கொள்ளும், இழுப்பு திரும்பும்.

அளவில்தான் எல்லாம் இருக்கிறது. இதை அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்கு மருந்தாகக் கொண்டுவந்தார். 1989-இல் அங்கே அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமை தானாகவே துடித்து மூடிக்கொள்ளும் நோய்க்கு இதைப் போட்டுவந்தார். நோயாளி ஒருவர், புருவ நடுவில் போடும்போது தன் முகம் சாந்தமாகத் தெரிவதாகச் சொல்லி, அங்கேயும் போடக் கேட்டார். ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கா புருவ நடுக் கோட்டுக்கு 2002-இல் அனுமதி தந்தது.

ஆக, போடாக்ஸ் தொடுவது இழுப்பை மட்டும். பள்ளத்தை நிரப்பாது, நிறத்தை மாற்றாது. ‘போடாக்ஸ் போட்டு முகம் உப்பிப்போச்சு’ என்று சினிமா நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவோமே, உப்ப வைப்பது இது இல்லை. தசையை ஓயவைக்கிற மருந்து எதையும் உப்ப வைக்காது. அங்கே வேறொன்று நடந்திருக்கும். அதற்கு அடுத்து வருகிறேன்.

சிகிச்சை மாறினால் முகம் இன்னும் களைத்துப்போகும் என்று முன்னால் சொன்னேனே, அந்தப் பொறி இதுதான். மேலிமை கனத்துத் தொங்குகிற ஒருவர், பார்வை மறைக்காமல் இருக்க நாள் முழுக்கத் தன்னையறியாமல் நெற்றியைத் தூக்கிக்கொண்டே இருப்பார். விளைவு, நெற்றியில் வரி வரியாகக் கோடு. கோட்டைப் பார்த்து அவர் நெற்றிக்கு போடாக்ஸ் கேட்கிறார். நெற்றித் தசைதான் புருவத்தைத் தூக்கும் ஒரே தசை என்று பார்த்தோம். அதையும் ஓயவைத்தால்? கோடு போகும், புருவம் இறங்கும், இமை இன்னும் தொங்கும். ஓய்ந்த முகத்தைச் சரிசெய்யப் போய் தூங்கி வழிகிற முகத்தோடு திரும்புவார், மூன்று மாதத்துக்கு. நல்ல மருத்துவர் முதலில் கண்ணை மூடி நெற்றியைத் தளரவிடச் சொல்லி, பிறகு திறக்கச் சொல்லிப் பார்ப்பார். பந்தல் ஏன் நிற்கிறது என்று பார்க்காமல் கம்பைப் பிடுங்கமாட்டார்.

கர்ப்பிணிகளும் தசைச் சோர்வு நோய் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். நச்சு ‘யூனிட்’ கணக்கில் அளக்கப்படுகிறது. புருவ நடுவுக்கு போடாக்ஸின் அங்கீகரிக்கப்பட்ட அளவு 20 யூனிட். ஒரு கம்பெனியின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமில்லை என்பதால், எந்தப் பெயர், எத்தனை யூனிட் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபில்லர்: ஊறவைத்த பாதாம் பிசின்

பாதாம் பிசினை ராத்திரி ஊறவைத்திருப்பீர்கள். நாலு கட்டி போட்டால் காலையில் பாத்திரம் நிறைந்திருக்கும். ஹயலுரானிக் அமிலம் என்ற பொருளும் அப்படி நீரைப் பிடித்து வைப்பது. நம் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணுக்குள்ளும் இயற்கையாகவே இருக்கிறது. 1934-இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் இருவரும் நியூயார்க்கில் மாட்டின் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். வெறுமனே ஊசியில் ஏற்றினால் ஓரிரு நாளில் உடம்பு கரைத்துவிடும். அதன் இழைகளை வேதிமுறையில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கூழாக்கினால் ஆறு மாதம் முதல் ஒன்றரை வருஷம்வரை நிற்கும். அந்தக் கூழ்தான் இன்று அதிகம் புழங்கும் ஃபில்லர், அதாவது நிரப்பி.

பெயரே சொல்கிறது: இது நிழலுக்கான மருந்து. அமுங்கிய தலையணைக்குப் பஞ்சு அடைப்பது. அளவோடு போட்டால் பள்ளம் மேடாகும், நிழல் குறையும். அளவு மீறினால்தான் அந்த உப்பிய நட்சத்திர முகம்.

கண்ணுக்கடியில் இதைப் போடுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தோல் அவ்வளவு மெல்லியது. கூழ் மேலாக அமைந்துவிட்டால் வெளிச்சம் அதில் சிதறி நீலமாகத் தெரியும். கருவளையம் போய் நீல வளையம். அது நீரையும் இழுப்பதால் ஏற்கெனவே கண் பை உள்ளவருக்கு வீக்கம் கூடும். அக்காவுக்கு லேசான பை இருந்தது. அதனால்தான் அந்த இரண்டாவது மருத்துவர், “உங்களுக்கு ஃபில்லர் போட்டா இன்னும் டயர்டா தெரிவீங்க, வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். வருகிற வருமானத்தை வேண்டாம் என்கிற மருத்துவரைப் பார்த்தால் விட்டுவிடாதீர்கள்.

பெரிய ஆபத்து வேறு. ஊசி தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் கூழ் அதை அடைத்துவிடும். அந்த இடத்துத் தோல் வெளுத்து, வலித்து, அழுகலாம். மூக்கு, புருவ நடு, கண்ணைச் சுற்றிய குழாய்கள் விழித்திரைக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. அபூர்வமாகப் பார்வையே போயிருக்கிறது. இதைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற நொதி உண்டு. அது கையிருப்பில் இல்லாத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளக் கூடாது. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று கூச்சப்பட வேண்டாம்.

சுருக்கமாக: இழுப்புக்கு போடாக்ஸ், பள்ளத்துக்கு ஃபில்லர். ஒன்று தசையை ஓயவைக்கிறது, மற்றொன்று இடத்தை நிரப்புகிறது. இரண்டும் ஊசி வழியாகப் போகின்றன என்பதைத் தவிர உறவே இல்லை.

பைக்குக் கத்தி

முன்னே பிதுங்கிய கொழுப்பை எந்த கிரீமும் உள்ளே தள்ளாது. அதற்கு இமை அறுவை. கீழிமையின் உட்புறத்தில் கீறி, கொழுப்பைக் கொஞ்சம் எடுப்பார்கள். அல்லது பக்கத்துப் பள்ளத்துக்கு நகர்த்தி வைப்பார்கள். பின்னது எனக்குப் பிடித்த யோசனை: மேட்டு மண்ணை வெட்டிக் குழியில் போடுவது. வெளியே தழும்பு தெரியாது. கன்றிப்போனது அடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். தவறினால் கீழிமை கீழே இழுபட்டுக் கண் முழுதாக மூடாமல் உலரும். அதனால் இமையில் பழக்கப்பட்ட பிளாஸ்டிக் அறுவை மருத்துவரோ கண் அறுவை மருத்துவரோதான் செய்ய வேண்டும்.

மேலிமையில் தோல் மடிந்து தொங்கினால் அதைக் கத்தரித்துத் தைக்கலாம். இமையைத் தூக்கும் தசையே தளர்ந்திருந்தால் அதற்குச் செய்யும் அறுவை வேறு.

நிறத்துக்கு: பொறுமையும் சன்ஸ்கிரீனும்

பழுப்புக் கருமைக்கு முதல் சிகிச்சை, கசக்குவதை நிறுத்துவது. ஒவ்வாமை இருந்தால் அதற்கு மருந்து. அடுத்து சன்ஸ்கிரீன். கருநிறத் தோலைப் புற ஊதாக் கதிர் மட்டுமில்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கருக்கவைக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீன் நமக்குப் பொருத்தம். அதற்குமேல் மருத்துவர் எழுதித் தரும் கிரீம்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

பீல் என்பது கரும்பிலிருந்தும் பாலிலிருந்தும் கிடைக்கிற அமிலங்கள் போன்றவற்றால் தோலின் மேலடுக்கை உரிப்பது. லேசர், குறிப்பிட்ட அலைநீள ஒளியை மெலனின் உறிஞ்சி உடையும்படி செய்வது. இரண்டும் பயன்படலாம். ஆனால் கொசுக்கடித் தழும்பை நினைவில் வைக்கச் சொன்னேனே: நம் தோல் சீண்டலுக்கு மெலனினால் பதில் சொல்லும். வெள்ளைத் தோலுக்கு அமைத்த வேகத்தில் லேசர் அடித்தால் கருமை போவதற்குப் பதில் கூடிவிடும். மெல்ல, குறைந்த அளவில், இடைவெளி விட்டு என்பதுதான் நம் தோலுக்கு விதி. ‘ஒரே சிட்டிங்கில்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

கடையில் கிடைக்கும் ‘பளிச்’ கிரீம்கள் பற்றிக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை. பலவற்றில் ஸ்டீராய்டு இருந்தது. இரண்டே வாரத்தில் வெளுக்கவைக்கும், பிறகு தோலை மெலியவைத்துச் சிவக்கவைத்து, விட்டால் எரியவைக்கும். 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. 2023-இல் கேரளத்தின் மலப்புறத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்தபோது, பலர் பாதரசம் கலந்த வெண்மை கிரீம்களைப் பூசியவர்கள் என்று தெரிந்தது. முகத்தில் தடவியது சிறுநீரகத்தில் போய் நின்றது.

மற்றவை, சில வரிகளில்

நூல் ஏற்றுவது: கரையும் நூலைத் தோலுக்கடியில் செலுத்தித் தூக்கிக் கட்டுவது, நூல் மாதங்களில் கரையும், தூக்கலும் அதிக காலம் தங்காது. ஒலி அலை, ரேடியோ அலைக் கருவிகள்: தோலின் ஆழத்தைச் சூடாக்கி, தோலுக்கு விறைப்புத் தரும் கொலாஜன் என்ற நாரைப் புதிதாகச் சுரக்கவைக்க முயல்வது, லேசான தளர்வுக்கு லேசான பலன். சொந்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து ஊசியால் ஏற்றுவது: மெல்லிய தோலுக்குக் கொஞ்சம் உதவலாம், சுத்தம் முக்கியம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் உரிமமில்லாத ஓரிடத்தில் இதைச் செய்துகொண்ட சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024-இல் வெளியிட்டது.

கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால்?

எல்லாரும் கேட்பது இது. போடாக்ஸ் முழுதாகப் பிடிக்க இரண்டு வாரம். ஃபில்லர் ஊசியின் கன்றல் ஆறவும் அதே அளவு ஆகலாம். பீல் உரிய ஒரு வாரம்போல. அறுவை என்றால் மாதக்கணக்கில் முன்னதாக. முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் முகத்தில் புதிதாக எதையும், பார்லர் ஃபேஷியல் உட்பட, முயலாமல் இருப்பதுதான் உத்தமம்.

அக்கா உதிரப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரைப் பார்த்தாள், மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாள். வெளிறல் போயிற்று. கண்ணடி நிழல் மட்டும் மிச்சம். வீட்டுக் கண்ணாடிக்கு நேர் மேலே இருந்த டியூப்லைட்டைக் கழற்றி, எதிர்ச் சுவரில் முக உயரத்தில் மாட்டச் சொன்னாள். எலக்ட்ரீஷியனுக்குக் கூலி 300 ரூபாய்.